மெதுவாகப் பறப்பதே அதன் பலம்: 'பேர்ட் டாக்' விமானம் பற்றி வாசகர் கேள்விகள்

ராணுவ விமானம் என்றதும் வேகமும் இரைச்சலும்தான் நினைவுக்கு வரும். இரண்டே பேர் உட்கார்ந்து, மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் பறந்த செஸ்னா எல்-19 'பேர்ட் டாக்' பற்றி இத்தனை கடிதங்கள் வந்ததில் எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் அமெரிக்கப் படைகளுக்குக் கண்ணாக இருந்த நோட்ட விமானம் இது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். விரித்துச் சொல்ல வேண்டியவற்றுக்கு இடம் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

பேர்ட் டாக் எப்படி உருவானது? ஏன் இந்தப் பெயர்?
— கல்லூரி மாணவி, ஈரோடு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை பைப்பர் எல்-4, ஸ்டின்சன் எல்-5 போன்ற சிறு விமானங்களை நம்பியிருந்தது. அவற்றில் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, பூச்சு பூசியிருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் வெளியே நிறுத்தினால் அந்தத் துணி நைந்துபோகும். கொட்டகை இல்லாத போர்க்களத்தில் இது ஓயாத தலைவலி. அதனால் 1949-இல், முழுக்க உலோகத்தால் ஆன இரண்டு இருக்கை விமானம் வேண்டும் என்று தரைப்படை கேட்டது.

செஸ்னா நிறுவனத்திடம் 170 என்ற நான்கு இருக்கைப் பயணிகள் விமானம் ஏற்கெனவே உற்பத்தியில் இருந்தது. அதை அடிப்படையாக வைத்து, உடலைக் குறுக்கி, இருக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து 'மாடல் 305' என்று ஒன்றைச் செய்தார்கள். முதன்முதலில் அது பறந்தது 1949 டிசம்பர் 14 அன்று. அடுத்த ஆண்டு நடந்த போட்டியில் மற்ற நிறுவனங்களை முந்தி, முதல் தவணையாக 418 விமானங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. 1951 பிப்ரவரியில் இந்த விமானங்கள் கொரியாவில் இருந்தன. மொத்தத்தில் 3,400-க்கும் மேல் தயாராயின. ஜப்பானில் ஃபுஜி நிறுவனமும் உரிமம் வாங்கிச் செய்தது.

பெயர், செஸ்னா ஊழியர்களிடையே நடந்த போட்டியில் வந்தது. 'பேர்ட் டாக்' என்பது வேட்டை நாய். புதரில் பதுங்கிய பறவையை மோப்பம் பிடித்து வேட்டைக்காரனுக்குக் காட்டும். பாய்ந்து கடிப்பது அதன் வேலை இல்லை. இந்த விமானத்தின் தொழிலை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

சில இடங்களில் எல்-19 என்றும் சில இடங்களில் ஓ-1 என்றும் போடுகிறார்களே, இரண்டும் வேறா?
— வாசகர், தருமபுரி

ஒரே விமானம்தான். 1962-இல் அமெரிக்காவின் முப்படைகளுக்கும் பொதுவான பெயரிடும் முறை வந்தது. எல்-19ஏ, ஓ-1ஏ ஆனது. எல்-19ஈ, ஓ-1ஈ ஆனது. மரைன் படை ஓஈ-1 என்று அழைத்தது ஓ-1பி ஆயிற்று. கொரியப் போர் பற்றிய கட்டுரையில் ஓ-1 என்று இருந்தால், பின்னாளில் வந்த பெயரை முன்னதற்குப் போட்டுவிட்டார்கள் என்று பொருள்.

இவ்வளவு சிறிய இடத்தில் இறங்கி ஏற எது காரணம்? உடலமைப்பைக் கொஞ்சம் விளக்குங்களேன்.
— விமானப் பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது எடைக்கும் சக்திக்கும் உள்ள உறவு. வெற்று எடை சுமார் 730 கிலோ. நிறை எடை ஏறத்தாழ 1,100 கிலோ. இதை இழுப்பது காண்டினென்டல் ஓ-470-11 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின். காற்றால் குளிர்வது, 213 குதிரைத்திறன். பெரும்பாலான வகைகளில் ப்ரொப்பெல்லரின் கோணம் மாறாது. அதன் இதழ்களை மெதுவேகத்தில் நன்றாக இழுக்கும்படி சாய்த்திருந்தார்கள். சீக்கிரம் மேலே எழும்பும், அதற்கு விலையாக நெடுந்தூர வேகத்தை விட்டுக்கொடுக்கும். பயிற்சிக்கென வந்த டி வகைக்குக் கோணம் மாறும் ப்ரொப்பெல்லர் கிடைத்தது.

இரண்டாவது ஃபிளாப்கள், அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் கீழ்நோக்கி மடங்கும் பலகைகள். சாதாரணச் சிறு விமானங்களில் ஃபிளாப் 40 டிகிரியோடு நின்றுவிடும். இதில் 60 டிகிரி வரை இறங்கும். பின்னாலிருந்து பார்த்தால் இறக்கையில் பாதி மடிந்து தொங்குவது போல் இருக்கும். அந்த நிலையில் ஃபிளாப்கள் தரும் ஏற்றத்தைவிடத் தடையே அதிகம். விமானம் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு செங்குத்தாக இறங்கும், ஆனால் வேகம் ஏறாது. மரங்களைத் தாண்டி உடனே வயல் வரப்பில் இறங்க வேண்டியவனுக்கு இது பெரிய வரம்.

மூன்றாவது சக்கரக் கால்கள். பட்டையான ஸ்பிரிங் எஃகினால் செய்த ஒற்றைக் கால் ஒவ்வொரு பக்கமும். எண்ணெய் நிரப்பிய குழாயோ மூட்டோ ரப்பர்ப் பட்டையோ கிடையாது. கசிய எதுவும் இல்லை, அதனால் பராமரிப்பு மிகக் குறைவு. கரடுமுரடான தரையில் வளைந்து கொடுக்கும்.

ஆனால் அந்த ஸ்பிரிங், வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். வேகமாகத் தட்டினால் விமானம் பந்து போல எகிறும்.

அமைப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஜன்னல்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகள் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் நேர் கீழே தரை தெரியும். அவற்றை மேலே தூக்கி, இறக்கையின் அடிப்பக்கத்தில் கொக்கியில் மாட்டிவிட்டுத் திறந்தபடியே பறக்கலாம். கூரையிலும் கண்ணாடி. பின்னால் உடற்பகுதியைத் தாழ்த்திச் சரித்திருப்பதால், பின் இருக்கையில் இருப்பவர் திரும்பி வாலுக்குப் பின்னாலும் பார்க்கலாம். பின் இருக்கைக்கும் ஸ்டிக் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) உண்டு. வேண்டாதபோது கழற்றி ஓரமாக மாட்டிவிடலாம், மடியில் வரைபடத்தை விரிக்க இடம் கிடைக்கும்.

வெப்ப நாடான வியட்நாமில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி படிந்தது என்று படித்தேன். நம்பவே முடியவில்லை.
— மெக்கானிக், காரைக்குடி

நம்பலாம். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் இருக்கிறது. உங்கள் தொழிலில் நீங்கள் தினமும் பார்க்கும் அதே தத்துவம்தான். குறுகிய கழுத்தில் காற்று பாயும்போது அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டுமே வெப்பத்தை உறிஞ்சும். வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூடச் சட்டென இறங்கலாம். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் மேல் பனி படியும். த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டு இறங்கும் நேரம்தான் மிக ஆபத்து. தகடு பாதி மூடியிருப்பதால் கொஞ்சம் பனி படிந்தாலே வழி அடைபட்டுவிடும்.

கோணம் மாறாத ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் முதல் அறிகுறி, கையை அசைக்காமலே சுழற்சி எண்ணிக்கை மெல்லக் குறைவது. உடனே கார்புரேட்டர் சூடாக்கியின் பிடியை முழுதாக இழுக்க வேண்டும். பாதி இழுப்பது சில சமயம் நிலைமையைக் கெடுக்கும். இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கும், ஏனென்றால் உருகிய நீர் உள்ளே போகிறது. பயந்து பிடியைத் தள்ளிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பொறுத்திருந்தால் சுழற்சி ஏறும்.

இன்னொன்று: அந்தச் சூடு புகைக்குழாயிலிருந்து வருகிறது. த்ராட்டிலை முழுதாகக் குறைத்தபின் இழுத்தால் அங்கே சூடே இருக்காது. குறைப்பதற்கு முன்பே இழுக்க வேண்டும்.

பீரங்கிப் படையில் இருந்தவன் நான். விமானத்திலிருந்து குண்டு விழும் இடத்தை இவர்கள் எப்படித் திருத்தினார்கள்?
— ஓய்வுபெற்ற படைவீரர், வேலூர்

ஐயா, உங்களுக்குத் தெரிந்த அதே 'பிராக்கெட்' முறைதான். பார்ப்பது மட்டும் மேலிருந்து. இலக்கின் வரைபட எண்ணை வானொலியில் சொல்லி, ஒரு குண்டு கேட்பார்கள். சுட்டதும் பீரங்கி நிலையிலிருந்து 'ஷாட்' என்ற சொல் வரும், விழுவதற்குச் சில நொடி முன்பு 'ஸ்பிளாஷ்' வரும். நோட்டக்காரர் அந்த நொடியில் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். குண்டு பறக்கும் நேரம் முழுக்கக் கீழே வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை, அதற்குள் விமானி திரும்பி வளையலாம்.

முதல் குண்டு இலக்குக்கு முன்னால் விழுந்தால் 'கூட்டு 400'. அடுத்தது தாண்டி விழுந்தால் 'குறை 200'. பிறகு 100. இப்படி முன்னும் பின்னுமாக இலக்கை அணைத்துப் பாதி பாதியாகக் குறைத்து, கடைசியில் முழு அணியும் சுடச் சொல்வது. வலது, இடது என்பதைப் பீரங்கிக்கும் இலக்குக்கும் இடையிலான கோட்டை வைத்துச் சொன்னார்கள். விமானம் சுற்றிக்கொண்டே இருப்பதால், தன் வலம் இடத்தை வைத்துச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

தரையில் இருப்பவருக்கு இல்லாத ஓர் ஆபத்து இவர்களுக்கு உண்டு. நம் பக்கக் குண்டுகளும் அதே வானத்தில்தான் போகின்றன. எந்தப் பீரங்கி அணி எங்கிருந்து சுடுகிறது, குண்டு எவ்வளவு உயரம் எழும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கக் கூடாது.

இந்திய, பிரிட்டிஷ் வழக்கத்திலிருந்து ஒரு வேறுபாடும் உண்டு. வானிலிருந்து பீரங்கிச் சூட்டைத் திருத்தும் நம் 'ஏர் ஓபி' பிரிவில் விமானியே பீரங்கிப் படை அதிகாரி. ஓட்டுவதும் திருத்துவதும் ஒரே ஆள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முன்னே விமானி, பின்னே நோட்டக்காரர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

வியட்நாமில் இந்தச் சின்ன விமானம் ஜெட் விமானங்களுக்கே வழிகாட்டியது என்கிறார்கள். அதன் நடைமுறை என்ன?
— ஆசிரியர், மதுரை

இதைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பேர்ட் டாக் விமானத்தின் முழு மதிப்பும் இதில்தான் தெரியும்.

காட்டின் மேல் மணிக்கு 700, 800 கிலோமீட்டரில் வரும் ஜெட் விமானிக்குக் கீழே பச்சைப் போர்வை மட்டும்தான் தெரியும். யார் எதிரி, யார் நம் ஆள், எது கிராமம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை. எரிபொருளும் சில நிமிடங்களுக்குத்தான். ஆகவே இடத்தை நன்கு அறிந்த ஒருவர் மெதுவாகச் சுற்றி, காட்டி, அனுமதி கொடுக்க வேண்டும். அவரை முன்களக் கட்டுப்பாட்டாளர் என்று சொல்லலாம். அமெரிக்க விமானப்படை இதற்கென்றே 19, 20, 21, 22 என்ற எண்களில் படைப்பிரிவுகளை வியட்நாமில் வைத்திருந்தது. 19-ஆவது பிரிவு 1963-இல் பியென் ஹோவாவில் அமைந்தது.

அவர்களின் முதல் வேலை சண்டை அல்ல, தினசரிப் பார்வை. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. அதே பகுதியை நாள்தோறும் பார்ப்பவருக்கு, மாறியது எது என்று கண்ணில் குத்தும். காலையில் வயலில் ஆள் இருக்க வேண்டிய ஊரில் யாருமே இல்லை. நேற்று மங்கலாக இருந்த ஒற்றையடிப் பாதை இன்று தேய்ந்து பளிச்சென்று இருக்கிறது. மூன்று குடிசைக்கு எட்டு அடுப்புப் புகை. வேகமான விமானத்திலிருந்து எடுத்த ஆயிரம் புகைப்படங்களில் இது கிடைக்காது.

தாக்குதல் என்று வந்தால் வரிசை இப்படி. கட்டுப்பாட்டாளரிடம் மூன்று வானொலிகள்: தரைப்படையோடு பேச எஃப்எம், ஜெட் விமானங்களோடு பேச யுஎச்எஃப், தன் தலைமையகத்தோடும் மற்ற கட்டுப்பாட்டாளர்களோடும் பேச விஎச்எஃப். மூன்றும் ஒரே நேரத்தில் காதில் கத்தும். வலக்கை ஸ்டிக்கில். இடக்கை த்ராட்டிலில் இருந்து வானொலித் திருகுக்கும், திருகிலிருந்து பென்சிலுக்கும் தாவும். ஜெட் விமானங்களின் எண்ணிக்கை, குண்டு வகை, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதையெல்லாம் மெழுகுப் பென்சிலால் பக்கத்துக் கண்ணாடியிலேயே எழுதிக்கொள்வார்கள். காகிதம் பறந்துபோகும், கண்ணாடி போகாது.

அடுத்து, நம் ஆட்கள் எங்கே என்று உறுதிசெய்வது. தரையில் இருப்பவர்களிடம் 'புகை போடுங்கள்' என்று மட்டும் சொல்வார்கள். நிறத்தை முன்கூட்டி யாரும் சொல்லக் கூடாது. எதிரியும் அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதே நிறத்தில் புகை போட்டுவிடுவான். புகை எழுந்ததும், மேலிருப்பவர் 'ஊதா தெரிகிறது' என்பார். 'ஆம், ஊதா எங்களுடையது' என்று கீழிருந்து பதில் வர வேண்டும். இந்தச் சின்ன ஒழுங்கு தவறினால் சொந்தப் படை மேலேயே குண்டு விழும்.

பிறகு ஜெட் விமானிகளுக்குச் சுருக்கமான விவரம்: இலக்கு என்ன, தரை எவ்வளவு உயரம், நம் ஆட்கள் இலக்குக்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் பாய வேண்டும், குண்டு போட்டபின் எந்தப் பக்கம் விலக வேண்டும், கீழிருந்து எவ்வகைத் துப்பாக்கி சுடுகிறது, அடிபட்டால் எங்கே குதிப்பது. பாயும் திசை எப்போதும் நம் ஆட்களுக்கு இணையாக இருக்கும், அவர்கள் தலைக்கு மேலாக இருக்காது. குண்டு முன்னேயோ பின்னேயோ விழுவதுதான் பெரும்பாலும் நேரும் பிழை. பாயும் கோடு இணையாக இருந்தால் அந்தப் பிழை நம் பக்கம் வராது.

இப்போது அடையாளம் வைப்பது. இறக்கைக்குக் கீழே 2.75 அங்குல ராக்கெட்டுகள், வழக்கமாக நான்கு. தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ். காற்றுப் பட்டதும் எரிந்து, அடர்ந்த வெண்புகை கிளப்பும். குறிபார்க்கும் கருவி மிக எளியது. கண்ணாடியில் தானே ஒரு குறி போட்டுக்கொண்டு, அனுபவத்தால் சுட்டவர்கள் பலர். மூக்கைச் சரித்து, பக்கவாட்டில் நழுவாமல் விமானத்தை நேராக நிறுத்தினால்தான் ராக்கெட் நேராகப் போகும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் மிதி கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால்கூட ராக்கெட் விலகிவிடும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 'என் புகையிலிருந்து வடக்கே 50 மீட்டர்' என்று திருத்திச் சொன்னால் போதும். அடர்ந்த காட்டில் புகை இலைக்கூரையைத் தாண்டி மேலே வரவே நேரம் பிடிக்கும், காற்றில் நகர்ந்தும் வரும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஜெட் பாயத் தொடங்கியதும் அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே 'சுடலாம்' என்ற அனுமதி. திசை தவறினால் 'வேண்டாம், விலகு' என்பதைச் சொல்லும் பொறுப்பும் அதிகாரமும் அந்தச் சின்ன விமானத்தில் இருப்பவருக்கே.

இப்படி மெதுவாகப் பறந்தால் சுட்டு வீழ்த்த மாட்டார்களா? எத்தனை இழந்தார்கள்?
— வாசகர், சென்னை

சுட்டார்கள். வியட்நாம் போரில் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து 469 பேர்ட் டாக்குகள் போயின. அவற்றில் அமெரிக்க விமானப்படையுடையவை 178, மரைன் படையுடையவை 7. மிச்சமுள்ளவை அமெரிக்கத் தரைப்படை, தென் வியட்நாம் படை போன்றவற்றுடையவை.

காரணம் தெளிவு. ஒரே எஞ்சின். கவசம் இல்லை என்றே சொல்லலாம். குண்டு துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. விமானிகள் கைக்கொண்ட தற்காப்பு, ஒருபோதும் நேர்க்கோட்டில் பறக்காமல் இருப்பதுதான். சில நொடிக்கொரு முறை திசை, உயரம் இரண்டையும் மாற்றுவார்கள். ரடரைக் கொஞ்சம் மிதித்து வைத்து, மூக்கு ஒரு பக்கமும் விமானம் இன்னொரு பக்கமுமாக நழுவிப் போவார்கள், கீழே குறிபார்ப்பவன் மூக்குக்கு முன்னால் சுட்டு ஏமாறுவான். சிறு துப்பாக்கிகளுக்குத் தப்ப, தரையிலிருந்து 1,500 அடி என்பது பொதுவான அளவு. 1972-இல் தோளில் வைத்து ஏவும் எஸ்ஏ-7 ஏவுகணை வந்தபின் அந்த உயரத்தில் பாதுகாப்பு என்பது போய்விட்டது.

கேப்டன் ஹில்லியர்ட் வில்பேங்க்ஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனமில்லை. 1967 பிப்ரவரி 24, தலாத் அருகே. தென் வியட்நாம் ரேஞ்சர் படை ஒன்று பதுங்கியிருந்த எதிரிகளை நோக்கி நடந்துகொண்டிருந்ததை அவர் மேலிருந்து கண்டார். எச்சரித்ததும், மறைவு கலைந்த எதிரிகள் அவரையும் ரேஞ்சர்களையும் சுடத் தொடங்கினார்கள். போர் விமானங்கள் வந்து சேரவில்லை. ராக்கெட்டுகள் தீர்ந்தன. எம்-16 துப்பாக்கியைப் பக்க ஜன்னல் வழியாக நீட்டி, மர உச்சி உயரத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்து சுட்டார். எதிரியின் கவனம் அவர் பக்கம் திரும்பியதால் ரேஞ்சர்கள் பின்வாங்க முடிந்தது. மூன்றாவது பாய்ச்சலில் அவர் அடிபட்டார், விமானம் விழுந்தது. மீட்டுக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்கு வழங்கப்பட்டது.

1967 முதல் இரண்டு எஞ்சின் ஓ-2 விமானமும், 1968 முதல் ஓவி-10 பிராங்கோவும் வந்து படிப்படியாகப் பேர்ட் டாக்கின் இடத்தைப் பிடித்தன.

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பேர்ட் டாக் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எகிறுகிறது, இல்லாவிட்டால் சக்கரம் போலச் சுழன்றுவிடுகிறது. என்ன தவறு?
— வாசகர், நாகர்கோவில்

இரண்டும் தனித்தனி நோய், தம்பி.

சுழல்வதற்குக் காரணம், எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பது. கைவண்டியை முன்னாலிருந்து இழுத்தால் அது நேராகவே பின்தொடரும். பின்னாலிருந்து தள்ளினால் எந்த நேரமும் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். வால் சக்கர விமானம் எப்போதும் தள்ளப்படும் வண்டிதான். மூக்கு சற்றுத் திரும்பியதும், பின்னால் இருக்கும் எடை அதை மேலும் திருப்பும். திரும்பியது தெரிந்தபின் மிதித்தால் தாமதமாகிவிடும். ஓடுபாதையின் கோடியைப் பார்த்துக்கொண்டு, ரடரைச் சிறு சிறு தட்டாக, இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்து அப்படியே வைத்திருக்கக் கூடாது. ஆள் நடக்கும் வேகத்துக்கு வரும்வரை பிரேக் வேண்டாம். பக்கக் காற்று இருந்தால், காற்று வரும் பக்கம் ஸ்டிக்கைச் சாய்த்து, நிற்கும்வரை அப்படியே பிடியுங்கள்.

எகிறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கூடுதல் வேகம். முதலில் 60 டிகிரி ஃபிளாப்பை மறந்துவிடுங்கள், 30 போதும். மணிக்கு 65 மைல் அளவில் வந்து, தரைக்கு ஓரடி மேலே த்ராட்டிலை முழுதாகக் குறைத்து, விமானத்தை இறங்கவிடாமல் ஸ்டிக்கைப் பின்னே இழுத்துக்கொண்டே வாருங்கள். ஸ்டிக் வயிற்றைத் தொடும் நேரத்தில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையில் படும். பட்ட பிறகும் ஸ்டிக்கை விடாதீர்கள், அதுதான் வால் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்படியும் உயர எகிறிவிட்டால் ஸ்டிக்கை முன்னே தள்ளாமல், த்ராட்டில் கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள்.

60 டிகிரி ஃபிளாப்போடு மறுபடி ஏறுவது உண்மை விமானத்திலும் ஆளைக் கொன்ற விஷயம். முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு பலமாக மேலே தூக்கும், ஸ்டிக்கை முன்னே தள்ளி அடக்க வேண்டும். எஞ்சின் இழுப்பால் விமானம் இடப்பக்கம் திரும்பும், வலது ரடர் வேண்டும். எடையோடு வெயில் நேரமானால் அந்த ஃபிளாப்போடு ஏறவே ஏறாது. ஆனால் ஒரே மூச்சில் ஃபிளாப்பை மேலே எடுத்தால் ஏற்றம் போய்த் தரையில் விழும். 45, பிறகு 30, கொஞ்சம் வேகம் பிடித்தபின் மிச்சம்.

ஒரு குடும்பமே பேர்ட் டாக்கில் வந்து போர்க்கப்பலில் இறங்கியதாமே? கொக்கி இல்லாமல் எப்படி?
— குடும்பத் தலைவி, புதுச்சேரி

1975 ஏப்ரல் இறுதி, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் எதிரி வசம் விழுந்துகொண்டிருந்த நேரம். தென் வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங் லீ, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கோன் சோன் தீவிலிருந்து கிளம்பினார். இரண்டு பேருக்கான விமானத்தில் ஏழு பேர். கடலில் 'மிட்வே' விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டு வட்டமிட்டார். வானொலித் தொடர்பு இல்லை. சீட்டு எழுதிக் கீழே போட்டார், காற்று கடலுக்குள் கொண்டுபோனது. கடைசியில் கனத்துக்காகத் துப்பாக்கி உறையோடு சேர்த்துப் போட்ட சீட்டு தளத்தில் விழுந்தது: ஹெலிகாப்டர்களை ஓரம் தள்ளுங்கள், இன்னும் ஒரு மணி நேரம் பறக்க முடியும், காப்பாற்றுங்கள் என்று கேட்டிருந்தார்.

கப்பல் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ், தளத்தை அடைத்திருந்த ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். வழக்கமாக இறங்கும் விமானத்தின் வால் கொக்கியைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே இருக்கும் பிடிகம்பிகளும், சக்கரம் மாட்டிக்கொள்ளாதபடி அகற்றப்பட்டன. பிறகு கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி 25 நாட் வேகத்தில் ஓட்டினார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். கப்பலின் வேகம் 25 நாட், எதிர்க்காற்று 15 நாட், தளத்தின் மேல் வீசும் காற்று 40 நாட். விமானம் 60 நாட்டில் நெருங்கினாலும், தளத்தை ஒப்பிட அதன் வேகம் 20 நாட்தான். மணிக்கு 37 கிலோமீட்டர், ஒரு மொபெட்டின் வேகம். ஒருமுறை துள்ளி, உருண்டு நின்றது. உண்மையான ஆபத்து இரண்டு: கப்பலுக்குப் பின்னால் காற்று கீழ்நோக்கி அமுக்கும் இடம், பின்பக்கம் குழந்தைகள் நெருக்கி இருந்ததால் பின்னே தள்ளிப்போன எடை மையம். இரண்டையும் சமாளித்து, முன்பின் கப்பலில் இறங்கியே அறியாத ஒருவர் முதல் முயற்சியிலேயே இறக்கினார். அந்த விமானம் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தியாவிடம் பேர்ட் டாக் இருந்ததா?
— வாசகர், திருச்சி

இல்லை. பாகிஸ்தான் தரைப்படையிடம் எல்-19 இருந்தது. நம்மிடம் இருந்தவை பிரிட்டிஷ் ஆஸ்டரும், பெங்களூரு எச்.ஏ.எல். செய்த கிருஷக்கும். கிருஷக், எச்.ஏ.எல். செய்த புஷ்பக் விமானத்திலிருந்து வளர்ந்தது, 1959-இல் முதலில் பறந்தது. அதன் எஞ்சினும் காண்டினென்டல் ஓ-470 குடும்பம்தான், 225 குதிரைத்திறன்.

1971 டிசம்பர் 5 காலை, ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்க ஜெய்சால்மரிலிருந்து ஹன்டர் விமானங்கள் வந்தபோது, மேலே வட்டமிட்டு வழிகாட்டியது மேஜர் ஆத்மா சிங் ஓட்டிய கிருஷக். பேர்ட் டாக்குகள் வியட்நாமில் செய்த அதே வேலை, பாலைவனத்தில். அவருக்கு வீர சக்கரம் கிடைத்தது. பின்னர் சீட்டா ஹெலிகாப்டர்கள் இந்தப் பணியை ஏற்றன. 1986 நவம்பர் 1-இல் தரைப்படை விமானப் பிரிவு தனிப் படைப்பிரிவாக ஆனது.

பழைய படம் ஒன்றில் இருப்பது பேர்ட் டாக்கா, சாதாரண செஸ்னா 170-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், சேலம்

கதவைப் பாருங்கள். 170-இல் இருபுறமும் கதவு உண்டு. பேர்ட் டாக்கில் வலப்பக்கம் மட்டும். படம் இடப்பக்கமிருந்து எடுத்ததென்றால், இறக்கைக்குப் பின்னால் கண்ணாடி உடலைச் சுற்றி வளைந்து முதுகு சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் பேர்ட் டாக். துணி போர்த்திய ஆஸ்டரோடு குழப்பம் வந்தால் இறக்கையைத் தாங்கும் கம்பியைக் கவனியுங்கள்: ஆஸ்டரில் 'வி' வடிவில் இரண்டு, பேர்ட் டாக்கில் ஒன்றே ஒன்று.